சொட்டுக் கணக்கா? முதலில் மணிக்கு எத்தனை மில்லி என்று கேளுங்கள்

நர்சிங் முதல் வருஷத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு உடற்கூறியல்கூடப் பயமில்லை, சொட்டுக் கணக்கு, அதாவது டிரிப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்ற கணக்கு என்றால்தான் வயிற்றைக் கலக்கும். "500 மில்லி நார்மல் சலைன், 4 மணி நேரம், 20 சொட்டு செட், நிமிடத்துக்கு எத்தனை?" என்று கேட்டதுமே மனசு சூத்திரத்தைத் தேடி ஓடும், மேலே எது கீழே எது என்று குழம்பும், கடைசியில் நாலு விடையில் ஏதோ ஒன்றைக் குத்திவிட்டு வருவோம். எம்ஆர்பி, நார்செட் என்று அரசு நர்ஸ் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது, அதுவும் நார்செட்டில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வேறு வழியில் போகலாம்.

படி 1: செட்டைப் பாருங்கள்

செட் என்றால் பாட்டிலிலிருந்து நோயாளிக்குத் திரவம் போகும் குழாய். சொட்டு என்பது ஓர் அளவே இல்லை. குழாயின் முனை பெரிதாக இருந்தால் பெரிய சொட்டு, ஊசி மாதிரி இருந்தால் குட்டிச் சொட்டு. நம்மூரில் வழக்கமாகக் கிடைக்கும் மேக்ரோ செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி, மைக்ரோ செட்டில் 60 சொட்டு. அமெரிக்கப் புத்தகத்தில் படித்தால் 10, 15 என்றும் வரும். வார்டில் இருந்தால் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள், தேர்வில் கேள்வி என்ன சொல்கிறதோ அதை எடுங்கள். பழக்கதோஷத்தில் 20 போட்டுவிட்டு அப்புறம் கேள்வியில் 15 என்று இருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது ரொம்ப சகஜம்.

படி 2: மணிக்கு எத்தனை மில்லி?

எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். 500 மில்லி 4 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125 மில்லி. அவ்வளவுதான். நிமிடத்தில் கொடுத்தாலும் மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 100 மில்லி பாராசிட்டமால் பாட்டிலை 15 நிமிடத்தில் ஏற்றச் சொன்னால், அது மணிக்கு 400 மில்லி வேகம்.

படி 3: வகுங்கள்

20 சொட்டு செட் என்றால் 3 ஆல் வகுக்க வேண்டும். 15 என்றால் 4 ஆல், 10 என்றால் 6 ஆல். 60 சொட்டு மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

இது மாயம் ஒன்றும் இல்லை. 125 மில்லியில் 125 இருபது 2500 சொட்டு இருக்கிறது, அது 60 நிமிடத்தில் விழ வேண்டும், 2500 ஐ 60 ஆல் வகுத்தால் 41.67. இருபதால் பெருக்கி அறுபதால் வகுப்பதும் நேரே மூன்றால் வகுப்பதும் ஒன்றுதானே. சொட்டில் அரை, கால் கிடையாது என்பதால் விடை 42. பாராசிட்டமாலுக்கு 400 ஐ 3 ஆல் வகுத்தால் 133. சில வார்டுகளில் திரவத்தைத் தானே அளந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப் இருக்கும், அதில் மணிக்கு எத்தனை மில்லி என்றுதான் பதிய வேண்டும், அதனால் படி 2 லேயே வேலை முடிந்துவிடும்.

கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் இதே வழிதான். 1 லிட்டர் பாட்டிலைக் காலை 10 மணிக்குப் போட்டோம், 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 30 சொட்டு ஓடுகிறது, எப்போது முடியும்? 30 ஐ 3 ஆல் பெருக்கினால் மணிக்கு 90 மில்லி. 1000 ஐ 90 ஆல் வகுத்தால் 11 மணி நேரமும் ஏறக்குறைய 7 நிமிடமும், அதாவது இரவு 9.07.

குழந்தைகள் வார்டு

இங்கே, குழந்தையின் எடையை வைத்து எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் 4-2-1 விதி வரும். 1957 இல் ஹாலிடே, சீகர் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 4 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 2, அதற்கு மேல் 1, எல்லாம் ஒரு மணி நேரக் கணக்கு. 18 கிலோ குழந்தைக்கு 40 உம் 16 உம் சேர்ந்து மணிக்கு 56 மில்லி, மைக்ரோ செட்டில் 56 சொட்டு.

நான் சொதப்பியதும் இங்கேதான். மாணவியாக இருந்தபோது ஒரு நாள் கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, கையில் கிடைத்த செட்டை மாட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டையும் அழகாக எண்ணி வைத்தேன். மாட்டியது மேக்ரோ செட். அந்தப் பக்கமாக வந்த சீனியர் அக்கா சேம்பரை, அதாவது சொட்டு விழும் சின்னக் குப்பியைப் பார்த்த ஒரே பார்வையில் கிளாம்பை மூடிவிட்டு, "சொட்டு சரிதான், செட் எங்கே?" என்று கேட்டார். மேக்ரோவில் 56 சொட்டு என்றால் மணிக்கு 168 மில்லி, மூன்று மடங்கு. அவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு. படி 1 ஐ முதல் படியாக வைத்திருப்பது அதனால்தான்.

தீக்காயக் கேள்வி

பார்க்லேண்ட் சூத்திரம் என்று பெயர் போட்டே கேட்பார்கள். 4 மில்லி, எடை, வெந்த பரப்பின் சதவீதம், மூன்றையும் பெருக்கினால் 24 மணி நேரத்துக்கு ஏற்ற வேண்டிய ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தின் அளவு கிடைக்கும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில், மீதி அடுத்த 16 மணி நேரத்தில். 60 கிலோ ஆள், 30 சதவீதம் என்றால் 7200 மில்லி, முதல் பாதி 3600.

பொறி எங்கே என்றால், அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீ பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. 2 மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தவருக்கு மீதி இருப்பது 6 மணி நேரம்தான், ஆகவே மணிக்கு 600 மில்லி. 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 200 சொட்டு, கண்ணால் எண்ணவே முடியாது. பெரிய அளவு கேனுலாவாக (ரத்தக்குழாயில் செருகும் சின்னக் குழாய்) இரண்டு இடத்தில் போடச் சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். (பெரியவர்களுக்கு 2 மில்லியில் தொடங்கச் சொல்லும் வழிகாட்டுதலும் இப்போது உண்டு. கேள்வியில் பார்க்லேண்ட் என்று இருந்தால் 4 தான்.)

ரத்தம் ஏற்றும்போது 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 350 மில்லி பையை 4 மணி நேரத்துக்குப் பிரித்தால் 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 29 சொட்டு வரும், ஆனால் முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு நோயாளி பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதால் நான் 3 மணி நேரத்துக்கே கணக்குப் போடுவேன், 39 சொட்டு.

கட்டில் பக்கத்தில்

சேம்பரைப் பாதி வரை நிரப்புங்கள், முழுக்க நிரம்பினால் சொட்டே தெரியாது. குழாயில் காற்றில்லாமல் திரவத்தை ஓட்டிவிட்டு அப்புறம் இணையுங்கள். கடிகாரத்தைச் சேம்பருக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் பிடித்து முழு நிமிடமும் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு சொட்டுப் பிழை நாலாகிவிடும். சரி, எண்ணியாச்சு என்று போய்விடவும் முடியாது, நோயாளி முழங்கையை மடக்கினாலோ ஸ்டாண்டை இறக்கினாலோ வேகம் மாறும், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

பாட்டில் பின்தங்கிவிட்டால் நைசாகத் திறந்துவிட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். 4 மணி நேரத்தில் போக வேண்டிய 500 இல் 2 மணி நேரத்தில் 150 தான் போயிருக்கிறது என்றால், மீதி 350 ஐ முடிக்க 58 சொட்டு தேவை. 42 எங்கே, 58 எங்கே. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு நீர் நுரையீரலில் போய் நிற்கும், அதனால் டாக்டரிடம் சொல்லிப் புது உத்தரவு வாங்குங்கள். ஊசி இடம் வீங்கிக் குளிர்ந்திருந்தால் திரவம் வெளியே கசிகிறது, சிவந்து சூடாக வலித்தால் சிரை (ரத்தக்குழாய்) அழற்சி. இரண்டுக்கும் முதலில் செய்வது ஒன்றே, டிரிப்பை நிறுத்துவது. தேர்வில் "முதல் நடவடிக்கை எது" என்று கேட்டால் டாக்டரைக் கூப்பிடுவதைக் குறித்துவிட்டு ஏமாறாதீர்கள்.

இப்போது மூன்று கணக்கு, பேனாவை எடுங்கள். ஒன்று, 1500 மில்லி 24 மணி நேரத்தில், 15 சொட்டு செட். இரண்டு, 12 கிலோ குழந்தைக்கு 4-2-1 விதிப்படி மைக்ரோ செட்டில். மூன்று, 54 கிலோ ஆள், 20 சதவீதத் தீக்காயம், 3 மணி நேரம் கழித்து வந்திருக்கிறார், 20 சொட்டு செட், முதல் பாதி. முறையே 16, 44, 144 வர வேண்டும். மூன்றாவதில் 90 வந்திருந்தால், வந்த நேரத்திலிருந்து எண்ணியிருக்கிறீர்கள்.