கோட்டை மானை பொப் ஆர்ட் போஸ்டராக்குவது எப்படி?

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் போகிறவர்கள் எல்லோரும் அங்கே திரியும் புள்ளிமான்களைப் படம் பிடிக்கிறோம். பிறகு அந்தப் படம் போனுக்குள்ளேயே கிடக்கிறது. அதில் ஒன்றை ஏ3 அளவில், பழைய விளம்பர அச்சுப் போல பெரிய புள்ளிகளும் தட்டை நிறங்களுமாகச் செய்து சுவரில் ஒட்டுவோம். லேயர் என்றால் என்ன, படத்தை வெட்டி எடுப்பது எப்படி என்பதெல்லாம் தெரியும் என்றே எழுதுகிறேன்.

விளம்பரம், கொமிக்ஸ் போன்ற அன்றாடப் படங்களைக் கலையாக்குவதுதான் பொப் ஆர்ட். ஆப்பில் ஒரு பில்டரைத் தட்டினால் அது வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1962இல் கெம்பல் சூப் ரின்களை 32 கன்வஸ்களில் வரைந்த அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல், அதற்கு முன் 1950களில் சப்பாத்து விளம்பரங்களுக்குப் படம் வரைந்து உழைத்தவர். இன்னொரு பொப் ஆர்ட் ஓவியரான ரோய் லிக்டன்ஸ்டைன் எடுத்துக்கொண்டது கொமிக்ஸ் புத்தகங்களின் மலிவு அச்சை. அந்த அச்சில் நிறம் காட்டும் புள்ளிகளுக்கு பென் டே புள்ளிகள் என்று பெயர். 1879இல் பெஞ்சமின் டே என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை அது. வெள்ளைத் தாளில் சிவப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு வைத்தால் தூரத்திலிருந்து ரோஸ் நிறமாகத் தெரியும். தனியாக ரோஸ் மை தேவையில்லை. அச்சகத்தின் சிக்கனம்தான் பிறகு கலைக்கூடத்துக்குள் போனது.

1. நிறம் பொறுக்குங்கள். இதற்கு இணையத்தில் தேட வேண்டாம். கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்தால் போதும். மூன்று மொழியில் எழுதிய பெயர்ப்பலகை, ஓட்டோவின் பின் ஸ்டிக்கர், தீப்பெட்டி லேபிள். வோர்ஹோலுக்கு சூப் ரின் என்றால் நமக்கு மீன் ரின். கறுப்போடு மூன்று நிறம், அதற்கு மேல் வேண்டாம்.

2. கோப்பைத் திறவுங்கள். நான் ஜிம்ப் பாவிக்கிறேன். களவாக இறக்கிய போட்டோஷொப்பை விட இலவசமான ஜிம்ப் எவ்வளவோ மேல். அகலம் 3508, உயரம் 4961 பிக்சல், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்). தொடக்கத்திலேயே இந்த அளவில் வையுங்கள். சின்னதாகச் செய்து கடைசியில் பெருப்பித்தால் புள்ளிகளின் விளிம்பு மங்கிப்போகும்.

3. மானை வெட்டி, திரெஷோல்ட் போடுங்கள். பக்கவாட்டில் நிற்கும் மான் நல்லது. கறுப்பும் வெள்ளையுமாக ஆனதும் அந்த லேயரை மல்டிப்ளை (வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் தெரியும் கலப்பு முறை) ஆக்கி, கீழே தனி லேயரில் நிறத்தை நிரப்புங்கள். நிறத்தைச் சற்றுத் தள்ளி, கோட்டுக்கு வெளியே பிசகியதுபோல் வைத்தால் பழைய அச்சின் களை வந்துவிடும்.

4. புள்ளிகள். பலர் சிக்குவது இங்கேதான். பின்னணிக்கு ஒரு சாம்பல் லேயர் போட்டு, பில்டர்ஸில் டிஸ்டோர்ட்ஸ், அதற்குள் நியூஸ்பிரின்ட். பீரியட் 40, கோணம் 45. 300 டிபிஐயில் 40 பிக்சல் என்றால் புள்ளிக்குப் புள்ளி 3.4 மில்லிமீற்றர்; அறையின் மறுபக்கத்திலிருந்தும் புள்ளி தெரியும். சாம்பல் ஒரே சீராக இருந்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், பென் டே போல வரும். கிரேடியன்ட் போட்டால் சின்னதிலிருந்து பெரிதாகிக்கொண்டே போகும், அது ஹாஃப்டோன். நம் மான் போஸ்டரின் பின்னணிக்கு முதலில் சொன்ன ஒரே அளவுப் புள்ளிதான் பொருத்தம்.

இனி இரண்டு சங்கதி. ஒன்று, மானின் உடம்பில் புள்ளி போடாதீர்கள். அதன் முதுகில் ஏற்கெனவே வெள்ளைப் புள்ளி இருக்கிறது, இரண்டும் கலந்தால் அம்மை கண்ட மான்தான் வரும். உடம்பு தட்டை நிறம், பின்னணி மட்டும் புள்ளி. மற்றது, படத்தை 25 சதவீதத்தில் சுருக்கிப் பார்க்கும்போது பாய் நெய்தது போல வரிகள் தெரியும். பயந்துபோய் பீரியடை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். திரையின் பிக்சல்களும் உங்கள் புள்ளிகளும் மோதுவதால் வரும் மோய்ரே அது. 100 சதவீதத்தில் பார்த்தால் மறைந்துவிடும்.

புள்ளி சரி என்றால், கலர் டு அல்பாவால் வெள்ளையை நீக்கி, மிச்சப் புள்ளிகளுக்கு உங்கள் நிறத்தை ஊற்றுங்கள்.

5. எழுத்து. யூனிகோடில் தட்டினால் ஜிம்ப் தமிழைச் சரியாகக் காட்டும். பழைய போட்டோஷொப் பதிப்புகளில் எழுத்துக்கான அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போடாவிட்டால், 'கோ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினிதான். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்திருக்கும் பழைய எழுத்துரு. யூனிகோட் எழுத்து அதில் ஏறாது. ஆகவே எழுத்தைத் திருத்தக்கூடிய நிலையில் யாருக்கும் கொடுக்காதீர்கள். படத்தோடு ஒன்றாக்கி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

அப்புறம், திரையில் மின்னும் ரோஸும் நீலமும் தாளில் மங்கும். முழுசாக அடிக்க முன் ஒரு துண்டை ஏ4இல் அடித்துப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: போனில் மட்டும் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் ஆப்பில் ஸ்கிரீன்டோன் (ஆயத்தப் புள்ளி வடிவம்) இருக்கிறது, செய்யலாம். ஆனால் கன்வஸ் அளவை முதலே கூட்டி வையுங்கள்.

இன்னொருவருக்கு, புள்ளிகளை இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் ட்ரேஸ் செய்தபோது (படத்தைக் கோடுகளாலான வெக்டராக மாற்றியபோது) கணினி உறைந்துவிட்டதாம். ஆயிரக்கணக்கான புள்ளிகளை வெக்டர் ஆக்கினால் அப்படித்தான். மானையும் எழுத்தையும் மட்டும் ட்ரேஸ் செய்யுங்கள். புள்ளிகள் படமாகவே இருக்கட்டும்.