ஒரு லிட்டர் தண்ணீரில் உணவுச் சங்கிலி: குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முறை

புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும். இதைப் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பித்துவிடுவார்கள். "சரி, பாம்புக்கு நெளிந்து ஓடத் தெம்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால்தான் திணறுவார்கள். நான் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.

அளவுக் குவளையில் 1 லிட்டர் தண்ணீர், மூன்று டம்ளர்கள், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, ஒரு வாளி, சில கூழாங்கற்கள், அட்டைகள். இவ்வளவுதான் வேண்டும்.

முதலில் அம்புக்குறி. சூரியன், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று அட்டைகளில் எழுதி வரிசையாக வைத்து, நடுவில் அம்பு போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாம்பிலிருந்து தவளையை நோக்கிப் போடுவார்கள், பாம்புதானே பிடிக்கிறது என்று. உடனே திருத்தாதீர்கள். "தெம்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர். குவளையில் இருக்கும் 1000 மில்லிதான், வெயிலைப் பிடித்துப் புல் சேர்த்துவைத்த ஆற்றல். அதில் 100 மில்லியை வெட்டுக்கிளி டம்ளரில் ஊற்றிவிட்டு, மீதி 900-ஐ வாளியில் கொட்டச் சொல்லுங்கள். அந்த 100-லிருந்து 10 மில்லி தவளைக்கு, மீதி வாளிக்கு. தவளையிடமிருந்து பாம்புக்கு 1 மில்லி. டம்ளரின் அடிகூட நனையாது. பாம்பைப் பிடிக்கும் பருந்துக்கு? சிரிஞ்சிலிருந்து இரண்டு சொட்டு. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், நன்றாகப் பார்க்கட்டும். புல் எக்கச்சக்கமாகவும் பருந்து அபூர்வமாகவும் இருப்பது ஏன் என்று அந்த இரண்டு சொட்டு சொல்லிவிடும்.

பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆற்றல் இப்படிப் படிப்படியாகக் கைமாறுவதை சூழலியல் அறிஞர் ரேமண்ட் லிண்ட்மன் ஒரு சின்ன ஏரியை ஆராய்ந்து 1942-இல் எழுதினார். பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.

வாளியில் இருப்பது என்ன? உள்ளங்கையில் 'ஹா'வென்று ஊதச் சொல்லுங்கள். கதகதப்பாக இருக்கும். தாவுவது, மூச்சுவிடுவது, வளர்வது எல்லாவற்றிலும் ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்டதிலும் எச்சத்திலும் இருப்பதைக் காளானும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்ளும்; அவற்றிடமிருந்தும் அது வெப்பமாகவே போகும்.

அப்புறம் கூழாங்கற்கள். இவை மண்ணின் சத்துகள். புல்லிலிருந்து பாம்பு வரை கைமாறி, பாம்பு செத்ததும் காளான் வழியாக மண்ணுக்கே திரும்பட்டும். இதைப் பார்த்த பிள்ளைகள் வாளித் தண்ணீரையும் புல்லுக்கே ஊற்றப் போவார்கள். தடுத்துவிடுங்கள். சத்து சுற்றி வரும், ஆற்றல் திரும்பாது. மறுபடி ஆட வேண்டுமானால் குழாயைத் திறந்து புதிதாக ஒரு லிட்டர் பிடிக்கட்டும். அது நாளைய வெயில்.