"பால் பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள்: குழந்தைகளின் பல் நலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் பல்லில் கருமை தெரிந்தால், "பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. பின்னாளில் வரும் தொல்லைகள் பலவும் இந்த ஆறுதலிலிருந்தே தொடங்குகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழுவது உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் ஏறத்தாழ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றில் ஒன்றைச் சொத்தையால் முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்து, ஈறுக்குள் காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் வழியை அடைத்துவிடக்கூடும்.

அடுத்த தவறு, வலி வரட்டும் என்று காத்திருப்பது. பால் பல்லின் எனாமல் என்னும் கடினமான மேலுறை நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது. எனவே சொத்தை விரைவாக உள்ளே இறங்குகிறது, குழந்தை வலிக்கிறது என்று அழும்போது அது பெரும்பாலும் ஆழமாகிவிட்டிருக்கும். முதல் பல் முளைத்த 6 மாதங்களுக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். ஒரு வயதுக் குழந்தை எப்படி வாயைத் திறக்கும் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். மருத்துவரும் தாயும் முழங்கால்கள் தொட எதிரெதிரே அமர்ந்து, இருவர் மடியிலுமாகக் குழந்தையைப் படுக்கவைத்து, ஓரிரு நிமிடங்களில் பார்த்து முடித்துவிடுவார்கள். குழந்தை சற்று அழுதாலும், அழும் வாய் திறந்தே இருக்கும்.

வீட்டிலும் மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அந்த நிலையிலேயே ஃபுளோரைடு பூச்சாலும் ஒழுங்கான துலக்கலாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியும். குழி விழுந்தபின் பல் தானாகச் சரியாகாது.

பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவது இந்த முன்பற்களையே முதலில் தாக்குகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், பாலின் சர்க்கரை கழுவப்படாமல் பல்லின் மேலேயே நெடுநேரம் தங்குகிறது.

ஃபுளோரைடு உள்ள பற்பசைக்கு அஞ்சி அதை அறவே தவிர்ப்பதும் சரியன்று, அளவுதான் முக்கியம்: 3 வயது வரை ஓர் அரிசி மணியளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவு. குழந்தை தானே துலக்க விரும்பினால் துலக்கட்டும். ஆனால் 7, 8 வயது வரை பெரியவர் ஒருவர் மீண்டும் ஒருமுறை துலக்கிவிட வேண்டும், ஏனெனில் அதுவரை கடைவாயின் உட்புறம் வரை தூரிகையை நடத்தும் கைப்பக்குவம் பெரும்பாலும் வருவதில்லை.

6 வயதையொட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால், பலர் அதையும் பால் பல் என்றே எண்ணி அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். அதுவோ வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல்.

"சேட்டை செய்தால் பல் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்" என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள். "வலிக்காது" என்று முன்கூட்டியே சொல்வதும் வேண்டாம். அதுவரை வலியைப் பற்றி நினைத்திராத குழந்தைக்கு அந்தச் சொல்லே அச்சத்தைத் தந்துவிடும். "உன் பற்களை எண்ணிப் பார்ப்பார்" என்பது போதும். மற்றதைக் குழந்தை கேட்டால் மருத்துவரே சொல்லட்டும்.