பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தை ஊர் எடுத்து நடத்துவது எப்படி

நம் வேலூர்ப் பக்கம் மூடிப்போன தொடக்கப் பள்ளியை ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், மறுநாளே பெயிண்ட் டப்பாவோடு நாலு பையன்கள் வந்து நிற்பார்கள். அவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். பெயிண்ட் கடைசி வேலை. முதல் வேலை அந்தக் கட்டடமும் அது நிற்கும் இடமும் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது, அடுத்தது தினமும் யார் கதவைத் திறப்பார் என்று முடிவு செய்வது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் பணம் போட்டால் திறப்பு விழா முடிந்த கையோடு திரும்பவும் பூட்டு தொங்கும்.

யார் பெயரில் என்பதை ஊர்ப் பேச்சை நம்பி முடிவு செய்யாதீர்கள். வி.ஏ.ஓ.விடம், எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இருந்தால் நீங்கள் போக வேண்டியது பி.டி.ஓ. அலுவலகத்துக்கு, ஊராட்சித் தலைவர் ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொன்னது மட்டும் போதாது. வட்டாரக் கல்வி அலுவலரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் வராமல் போனாலும் கல்வித் துறைக் கணக்கில் அது இன்னும் பள்ளியாகவே இருக்கலாம். ‘அரசு உதவி பெறும்’ என்று பலகையில் இருந்தால் கதையே வேறு. நம் பழைய வட ஆற்காட்டில் 1853-இல் வந்த ஆற்காடு மிஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு கிராமங்களில் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்தியது. அந்த வழியில் வந்த பள்ளி என்றால் நிலம் இன்று சி.எஸ்.ஐ. திருச்சபை நிர்வாகத்திடம் இருக்கலாம், அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். இன்னொரு வகையும் உண்டு: அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். நீங்கள் ஓடு மாற்றி முடித்த பிறகு பெங்களூரிலிருந்து பேரன் வந்து நிற்பார். அதனால் வில்லங்கமும் போட்டுப் பாருங்கள். பழைய காகிதத்தில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது நம் மாவட்டத்தின் பழைய பெயர்தான். ஆனால் 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டைக்கோ திருப்பத்தூருக்கோ போன ஊர் என்றால், உங்கள் கோப்பு எந்தக் கலெக்டர் ஆபீசில் இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இடம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. இதில் ஒன்றைக் குறி வைத்து, முன்னாலேயே மனு கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தில் என்ன உபயோகம், யார் பராமரிப்பு, எத்தனை வருடம் என்பதோடு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: பள்ளி மறுபடி தேவைப்பட்டால் கட்டடத்தைத் திருப்பித் தருவோம். 2019-இல் மாணவர் சேர்க்கை இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தபோதுகூட அது தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத் தயக்கம் குறையும், ‘எங்க பள்ளிக்கூடத்த எடுத்துக்கிட்டீங்களே’ என்று வருத்தப்படும் பெரியவர்களுக்கும் பதிலாகும்.

இதற்குள் ஒன்றியப் பொறியாளரை அழைத்து வந்து கட்டடம் நிற்குமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். நம் பக்கம் இது சும்மா சம்பிரதாயம் இல்லை. 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நில அதிர்வு வந்தது, டிசம்பரிலும் குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் தரை ஆடியது. அந்த டிசம்பரில்தான் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் இறந்து, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவும் வந்தது. உங்கள் கட்டடம் இடிக்கும் பட்டியலில் இருந்தால் சண்டை போடாதீர்கள், காலி இடத்துக்கு வேறு யோசனை செய்யுங்கள். பட்டியலில் இல்லாமல் சுவரில் விரிசல் மட்டும் இருந்தால், அதன் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், பூசிவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், பொறியாளர் மறுபடி வரட்டும்.

கூரையில்தான் பணம் போகும், புத்தியும் அங்கேதான் தேவை. ரொம்பப் பழைய பள்ளி என்றால் மெட்ராஸ் டெரஸாக இருக்கும்: மரக்கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு. இதில் ஒழுகினால் உடனே மேலே சிமெண்ட் பூசச் சொல்லும் மேஸ்திரியை அனுப்பிவிடுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். கட்டை உளுத்துப்போவது அப்படித்தான். உத்திரக்கட்டை சுவருக்குள் போகும் முனையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மாவு மாதிரி உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டுக் கூரை என்றால் கொடுத்துவைத்தவர்கள், உடைந்த ஓட்டை மாற்றி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களைப் பார்த்தால் போதும். ஓட்டை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போடலாம் என்று எஸ்டிமேட் வரும், சம்மதிக்காதீர்கள்; மே மாதம் வேலூரில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து படிக்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். அழகுக்கு என்று முன்னால் கீற்றுப் பந்தலும் வேண்டாம். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கொட்டகை தீப்பிடித்துத்தான். கான்கிரீட் தளம் என்றால் கீழிருந்து கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதை உடைத்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு மருந்தடித்து, அப்புறம்தான் பூச்சு.

உள்ளே என்ன நடத்துவது? நூலகமா, மகளிர் குழு ஆபீசா, டியூஷன் சென்டரா என்று ஊர் மூன்றாகப் பிரிந்து பேசும். அறையைப் பிரிப்பதைவிட நேரத்தைப் பிரியுங்கள். காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள், மதியம் சுய உதவிக் குழுக் கூட்டமும் தையலும், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் போலீஸ், மிலிட்டரி, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பையன்களும் பெண்களும். ராணுவத்துக்கு நிறையப் பேரை அனுப்பிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று கூப்பிடும் மாவட்டம் இது, இரவு நேரப் படிப்பறைக்கு ஆள் வராமல் போகாது. பெண் பிள்ளைகளும் வர வேண்டும் என்றால் வழியில் தெருவிளக்கு எரிய வேண்டும், அதையும் அதே மனுவில் கேளுங்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண்கள் மதியம் நிழலுக்கு இடம் கேட்பார்கள். நியாயமான தேவைதான், ஆனால் புகையிலைத் தூள் விழுந்த அதே தரையில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. அவர்களுக்குப் பழைய சத்துணவுக் கூடத்தைச் சுத்தம் செய்து கொடுங்கள். நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால், 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் வந்த ஊராட்சி நூலகத்து அலமாரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கட்சிக் கொடிக்கம்பம், சாமி மாடம் இரண்டும் காம்பவுண்டுக்குள் வரவே கூடாது. வந்தால் ஊரில் பாதிப் பேர் உள்ளே வருவதை நிறுத்திவிடுவார்கள்.

பணத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு தரும். அந்த ஒரு பங்குக்கு அங்கே படித்து வெளியூர் போனவர்களைப் பிடியுங்கள், நூறு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஏமாறுவோம். அது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டிய இடம். கரும்பலகை இடுப்பு உயரம், குழாய் முழங்கால் உயரம், கழிப்பறையில் பெரியவர் உட்கார முடியாது. குட்டி பெஞ்சுகளை அங்கன்வாடிக்குக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்குத் தனியாகச் செலவு ஒதுக்குங்கள். போர் தண்ணீரைக் குடிக்க வைக்கும் முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள், தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பாலாற்றுப் பக்கம் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஈ.பி. இணைப்பு பள்ளிப் பெயரிலேயே பாக்கியோடு கிடக்கும், ஒயரிங் முழுக்க மாற்றிவிட்டுப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

சாவியை ஒரு ஆளிடம் கொடுக்காதீர்கள். என் அனுபவத்தில் தலைவர் வீட்டுச் சாவிக்கொத்தில் சேர்ந்த சாவி அவ்வளவுதான், அவர் கல்யாணத்துக்குப் போனால் நூலகமும் லீவு. சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி மகளிர் கூட்டமைப்பிடம் ஒன்று, இரவில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று, திறந்த நேரமும் பூட்டிய நேரமும் எழுத வாசலில் ஒரு நோட்டு. பெருக்கித் திறந்து வைக்கும் அக்காவுக்கு மாதம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும், இலவச சேவையில் மூன்றாவது மாதம் யாரும் இருக்கமாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் பள்ளி பெரும்பாலும் வாக்குச்சாவடியாகவும் இருக்கும். தேர்தல் சமயத்தில் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் அலமாரிகளைச் சுவரில் அடித்து நிறுத்தாமல் நகர்த்தும்படி வையுங்கள், சாய்தளத்தை இடிக்காதீர்கள். சுவரில் எழுதியிருக்கும் வாக்காளர் பட்டியல் பாகம் எண் மேல் பெயிண்ட் அடிப்பதற்கு முன் தாலுகா ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பையன்களை இப்போது கூப்பிடலாம்.