வளரும் ஊர்களின் பட்ஜெட் எங்கே கோட்டைவிடுகிறது?

அமெரிக்காவில் வேகமாக வளரும் புறநகர் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் நகர கவுன்சில் முன்னால் மூன்று கோப்புகள் எப்போதும் இருக்கும். புது வீட்டு மனைகளுக்கு அனுமதி, ஒரு பெரிய கம்பெனியைக் கொண்டுவர வரிச்சலுகை, வாஷிங்டனிலிருந்து ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், மானியம். மூன்றுமே ஊருக்குத் தேவையானவைதான். ஆனால் சறுக்கிய ஊர்களின் கதையைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கால் வழுக்கியிருக்கிறது. ஒரே ஒருமுறை வரும் பணத்தை நம்பி, வருடா வருடம் நிற்கும் செலவைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். "வீடு வந்தால் சொத்து வரி வரும், வரி வந்தால் ஊர் செழிக்கும்" என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு பல கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிகளில், நடந்த செலவுக் கணக்குகளைத் தொகுத்திருக்கிறது. குடியிருப்புப் பகுதி தரும் ஒவ்வொரு டாலருக்கும் உள்ளாட்சி சுமார் 1.16 டாலர் செலவழிக்கிறது, கடை, தொழில் பகுதிகளுக்குச் செலவு 30 சென்ட் அளவுக்குத்தான் என்பது அதன் இடைநிலைக் கணக்கு. அது விவசாய நிலத்தைக் காக்க நினைக்கும் அமைப்பு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அடுக்குமாடியும் அரை ஏக்கர் தனி வீடும் ஒரே செலவை வைப்பதில்லை என்பதும் இந்தக் கணக்கில் தெரியாது. ஆனாலும் திசை சரிதான். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், பள்ளி வேண்டும். தீயணைப்பு வண்டி, பூங்கா, குப்பை, பனி அள்ளுவது எல்லாம் வேண்டும்.

இதை ஒரு தெருவில் வைத்துப் பாருங்கள். புரமோட்டர் தன் செலவில் ரோடு போடுகிறார், குழாய் பதிக்கிறார், நகரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். முதல் பத்து வருடம் அந்தத் தெருவுக்கு நகரம் பெரிதாக ஒன்றும் செலவழிப்பதில்லை. வரி மட்டும் வருகிறது. இம்பாக்ட் ஃபீ என்று புது வீட்டுக்கு வாங்கும் கட்டணமும் வருகிறது. கஜானா நிறைந்த மாதிரி இருக்கும், கவுன்சில் வரியைக் கூடக் குறைக்கும். இருபது, இருபத்தைந்து வருடத்தில் தார் பெயர்ந்து, ரோட்டை முழுதாக மறுபடி போட வேண்டிய நாள் வருகிறது. அதற்குள் காலி நிலம் தீர்ந்து, இம்பாக்ட் ஃபீயும் நின்றிருக்கும். நின்றிருக்காவிட்டாலும் பொதுவாக அந்தப் பணத்தைப் பழைய ரோட்டுக்குத் தொட முடியாது. புது வளர்ச்சிக்கான கட்டுமானத்துக்கு மட்டும்தான் சட்டம் அனுமதிக்கிறது. தெருவின் நாற்பது வீடுகள் கட்டும் வரியில் நகரத்தின் பங்கைக் கூட்டிப் பார்த்தால் ரோட்டுச் செலவுக்கே எட்டாது. தெரு கட்டிய அன்றே இந்த இருபதாவது வருடத்துக்கு ஒரு நிதி ஒதுக்கியிருந்தால் சமாளிக்கலாம். ஒதுக்குகிற ஊர்கள் குறைவு.

தண்ணீர் விஷயத்தில் இதே அசட்டை இன்னும் சீக்கிரம் பல்லைக் காட்டும். அரிசோனாவில் 1980-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் மனை பிரித்து விற்பவர் 100 வருடத்துக்குத் தண்ணீர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆனால் ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் அந்த விதி கிடையாது. அந்த ஓட்டை வழியாக ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பகுதியில் ஐந்து ஐந்தாகப் பிரித்தே நூற்றுக்கணக்கான வீடுகள் எழும்பின. பல வீடுகளுக்குத் தண்ணீர் பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்டேலில் பிடித்து லாரியில் வந்தது. வறட்சி முற்றியதும், "எங்கள் ஊர் எல்லைக்குள் இருப்பவர்களுக்கே முதலில்" என்று 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் குழாயை மூடிவிட்டது. அந்த வீடுகளில் மழைத்தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள், பாத்திரம் கழுவாமலிருக்கக் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். மனைக்கு அனுமதி தந்தவர் ஒருவர், தண்ணீர் தர வேண்டியவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் முடியும். அதே வருடம் ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு ஃபீனிக்ஸ் பகுதியில் இனி அனுமதியில்லை என்று மாநிலம் அறிவித்தது.

சரி, வீடு இவ்வளவு தொல்லை என்றால் வீடே வேண்டாம், ஆபீஸும் கடையும் போதும் என்று கதவைச் சாத்தலாமா? அது இன்னொரு தவறு, கலிஃபோர்னியா அதைப் பல வருடம் செய்து பார்த்துவிட்டது. 1978-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-வது முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீட்டிலிருந்து வரும் வரி இப்படி முடங்கிப் போக, விற்பனை வரி தரும் மாலும் கார் ஷோரூமும் நகரங்களுக்குச் செல்லப்பிள்ளைகள் ஆயின. பாலோ ஆல்டோ போன்ற ஊர்கள் வேலைகளைக் குவித்துக்கொண்டு, வேலை செய்பவர் எங்கே தூங்குவார் என்ற கேள்வியைப் பக்கத்து ஊரின் தலையில் தள்ளின. சான் ஹோசே பெரிய நகரமாக இருந்தும் மற்ற ஊர்களுக்குப் படுக்கையறை ஆனது. ஆசிரியரும் நர்ஸும் மலை தாண்டி டிரேசி என்ற ஊரிலிருந்து கார் ஓட்டி வந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கவுன்சிலும் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டது என்பதுதான் இதில் வேடிக்கை.

பெரிய கம்பெனிக்கு வலை வீசுவதில் நடக்கும் தவறுக்கு விஸ்கான்சினின் மவுண்ட் பிளசண்ட் போதும். 2017-ல் ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்றது. மாநிலம் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகை தர முன்வந்தது. சுமார் 27,000 பேர் வசிக்கும் அந்தக் கிராமம் கடன் வாங்கி நிலம் எடுத்தது, குடியிருந்தவர்களை வெளியேற்றியது, ரோடும் குழாயும் போட்டது. டிஐஎஃப் என்ற ஏற்பாட்டில், எதிர்காலத்தில் உயரப்போகும் வரி வந்து கடனை அடைத்துவிடும் என்பது கணக்கு. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 67.2 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை என்று சுருங்கியது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் அங்கே நிலம் வாங்கி டேட்டா சென்டர் கட்ட வந்ததால் ஊர் ஓரளவு தப்பியது. டேட்டா சென்டர் வரி தரும். சொன்ன அந்த 13,000 வேலையைத் தராது. மாநிலம் தன் சலுகையை வேலைவாய்ப்புக் கணக்கோடு கட்டியிருந்ததால் பெரும்பகுதி கைவிட்டுப் போகவில்லை. கிராமம் போட்ட குழாயைத் திரும்ப எடுக்க வழியில்லை. சலுகையைப் படிப்படியாக, வேலை வந்த பிறகு தருவது ஒரு பாதுகாப்பு. ரோட்டையும் குழாயையும் கம்பெனி வருமுன்பே போட்டே ஆக வேண்டுமென்றால், அதன் செலவுக்குக் கம்பெனியிடம் குறைந்தபட்ச வரிக்கு உத்தரவாதம் எழுதி வாங்குவது இன்னொன்று.

இனி வாஷிங்டன் பணம். இலவசமாக வந்த யானைக்கும் தீனி நாம்தான் போட வேண்டும்.

ஃபெடரல் நீதி அமைச்சகத்தின் காப்ஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புது போலீஸ்காரரை வேலைக்கு எடுத்தால் மூன்று வருடத்துக்கு, தொடக்கநிலைச் சம்பளத்தில் 75 சதவீதம் வரை ஃபெடரல் அரசு தரும். உச்சவரம்பு ஒருவருக்கு 1,25,000 டாலர். மூன்று வருடச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்தால் பல ஊர்களில் அந்த உச்சவரம்பு பாதிக்குக்கூட வராது. மூன்று வருடம் முடிந்ததும் குறைந்தது இன்னும் 12 மாதம் அவரை நகரம் தன் பணத்தில் வைத்திருக்க வேண்டும். கைதட்டலும் புகைப்படமும் முதல் வருடத்தில், முழுச் சம்பளம் நான்காவது வருடத்தில். கவுன்சிலில் அதற்குள் பாதிப்பேர் மாறியிருப்பார்கள்.

கொரோனா நிவாரணமாக 2021-ல் வந்த அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் கொடுத்தது. எதற்கு என்று 2024 முடிவுக்குள் ஒப்பந்தம் போட வேண்டும், 2026 முடிவுக்குள் செலவழிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனையாக இருந்தது. பழுதான பம்ப், பழைய குழாய் என்று போட்ட ஊர்களுக்குச் சொத்து மிஞ்சும். சம்பளத்தில் போட்ட ஊர்களுக்குப் பட்ஜெட்டில் பள்ளம்தான் மிஞ்சும்.

காகித வேலையிலும் பணம் போகும். ஃபெடரல் வீட்டுவசதித் துறையின் பணம் கலந்த திட்டத்தில், சுற்றுச்சூழல் ஆய்வு முடியுமுன் நிலத்தை வாங்கிவிட்டால் மானியமே கைநழுவலாம். ஏனென்றால் ஆய்வு முடிவதற்குள் மாற்று வழிகளை அடைத்துவிட்டீர்கள் என்பது விதியின் பார்வை. நல்ல விலைக்கு வருகிறதே என்று அவசரப்படும் ஊர்கள் இதில்தான் மாட்டும். பல மானியங்களில் முதலில் நகரமே செலவழித்துவிட்டு, அப்புறம் ரசீது காட்டித்தான் வாங்க வேண்டும்; கையில் காசில்லாத சின்ன ஊர் அதற்கே கடன் வாங்க நேரும். 1974 முதல் வரும் சமூக வளர்ச்சி மானியத்தில் குறைந்தது 70 சதவீதம், குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அதை நம்பிப் புதுப் பணக்காரக் குடியிருப்புக்கு நடைபாதை போட முடியாது.

பராமரிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பியின் ஜாக்சன் இருக்கிறது. 1980-ஐ ஒட்டி சுமார் 2 லட்சம் பேர் இருந்த ஊர் ஒன்றரை லட்சமாகச் சுருங்கியது. குழாய்களின் நீளம் சுருங்கவில்லை. 2022 ஆகஸ்ட் இறுதியில் சுத்திகரிப்பு நிலையம் படுத்துவிட, ஊரே குடிதண்ணீருக்கு வரிசையில் நின்றது. டிசம்பரில் நாடாளுமன்றம் 60 கோடி டாலர் ஒதுக்கியது. வாஷிங்டன் இப்படி முழுதாக இறங்கிவருவது அபூர்வம். அதை எந்த ஊரும் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

குடியிருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பக்கத்து நிலத்தில் புல்டோசர் வந்த பிறகு கவுன்சில் கூட்டத்துக்கு ஓடுவார்கள். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற மண்டல விதிக்கு உட்பட்ட மனை வரைபடத்தை மறுக்கக் கவுன்சிலுக்கே அப்போது அதிகாரம் இருக்காது. மறுத்தால் வழக்கில் தோற்கும். பேச வேண்டிய நேரம், எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று விரிவான திட்டம் திருத்தப்படும்போதும் மண்டலம் மாற்றப்படும்போதும்தான். அந்தக் கூட்டங்களின் அறிவிப்பு நகரத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே வந்துவிடும். மூலதனச் செலவுத் திட்டம் என்ற ஐந்து வருடப் பட்டியலும் அங்கேயே இருக்கும். புது ரோட்டுக்கு எவ்வளவு, பழைய ரோட்டுக்கு எவ்வளவு என்று அதில் இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம்.