சனிக்கிழமை காய்ச்சல் வந்தால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வரும் நீண்டகால நோயாளர்களுக்கு

மூட்டுவாதத்துக்கோ லூபசுக்கோ ஊரில் கிளினிக் போய் மருந்து எடுத்துக்கொண்டிருந்து, இப்போது இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் வார நாளில் போதனா வைத்தியசாலையில் பார்க்கும் அதே நிபுணரை, வருத்தம் கூடினால் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணிப் பார்த்துவிடுவோம். காசு போகும், நம்பர் வரும்வரை வாங்கில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் நம் வருத்தத்தின் கதை தெரிந்தவர் முன்னால்தான் போய் இருப்போம். இங்கே வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பின் அந்த வழி அடைபட்டுவிடும்.

அலுவல் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தவுடன் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஜீபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், பதியுங்கள். பதிவு இலவசம், விலாச அத்தாட்சி இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவையின் விதி. விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண், மாணவரென்றால் 776 பவுண், சுகாதாரக் கட்டணம் கட்டி வந்தவர்களிடமும் அகதி விண்ணப்பம் போட்டவர்களிடமும் வைத்தியசாலைச் சிகிச்சைக்கு வேறு பணம் கேட்கமாட்டார்கள். நிபுணரிடம் ஜீபியின் கடிதத்தோடுதான் போகலாம். 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு, அதை வாக்குறுதி என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் இலவச மருந்துச் சலுகை மூட்டுவாதத்துக்கு இல்லை. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் என்பதால், மாதாமாதம் மருந்து எடுப்பவர்கள் 114.50 பவுணுக்கு ஓராண்டு முற்பணச் சான்றிதழ் வாங்கிவிடுவதே மலிவு.

இனி, என் மச்சாள் அகப்பட்ட இடத்துக்கு வருகிறேன். இங்கு வந்தபின் அவருக்கு வைத்தியசாலையின் மூட்டுவாதக் கிளினிக்கில் மெதோட்ரெக்சேற் தொடங்கினார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மஞ்சள் குளிசை. அதை ஜீபி எழுதவில்லை, வைத்தியசாலை மருந்தகமே கொடுத்தது. ஓகஸ்ட் மாத நீண்ட விடுமுறையின் சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சலும் சலக்கடுப்பும் வந்தன. கிளினிக் தாதியரின் உதவி இலக்கத்துக்கு அழைத்தால் பதிவு இயந்திரம்தான் பேசியது. பிறகு என்எச்எஸ்ஸின் தொலைபேசி ஆலோசனை இலக்கமான 111க்கு அழைத்தார்கள். இரவு ஒரு வைத்தியர் திரும்ப அழைத்து, திரையில் அவருடைய மருந்துப் பட்டியலைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரு வலி மருந்து மட்டுமே. கிளினிக்கின் கடிதம் ஜீபிக்குப் போயிருந்தது, ஆனால் வைத்தியசாலை கொடுக்கும் மருந்தை யாரும் கணினியில் ஏற்றவில்லை. "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று அவர் கேட்டதற்கு, அன்று குளிசை எடுக்கும் நாள் அல்ல என்பதால், மச்சாள் இல்லை என்று சொல்லிவிட்டார். வைத்தியர் ட்ரைமெதோப்ரிம் எழுதினார்; அண்ணா போய் வாங்கி வந்தார்.

சலக்கடுப்புக்கு இந்நாட்டில் வழக்கமாக எழுதும் மருந்துகளில் அதுவும் ஒன்று. மெதோட்ரெக்சேற் எடுப்பவர்களுக்கோ அது ஆகவே ஆகாது. இரண்டும் உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பவை. ஒன்றுசேர்ந்தால் என்பு மச்சையில் இரத்த அணுக்கள் உண்டாவதே குறைந்துபோகலாம். ஊரில் செப்ட்ரின் என்று நாம் அறிந்த மருந்திலும் இதே ட்ரைமெதோப்ரிம் இருக்கிறது. கொண்டுவந்த மருந்துப் பையில் கிடந்தால் எடுத்து விழுங்கிவிடாதீர்கள். திங்கள் வங்கி விடுமுறை. செவ்வாய்க்கிழமை தாதி பதிவைக் கேட்டு அழைத்தபோது மச்சாளின் வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியாத நிலை. உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். வெள்ளணுக்கள் இறங்கியிருந்தன, வார்ட்டில் வைத்து, மெதோட்ரெக்சேற்றின் நச்சை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் ஏற்றித் தேற்றினார்கள். தேறிவிட்டார், அதற்கு நன்றி. ஆனால் கடிதம் வந்தும் கணினியில் ஏறாமல் கிடந்தது ஏன் என்று கேட்டதற்கு, வைத்தியசாலை ஜீபியைக் காட்டியது, ஜீபி வைத்தியசாலையைக் காட்டியது. ஊரில் கிளினிக் கொப்பி நம் கையிலேயே இருக்கும். எந்த வைத்தியர் முன்னாலும் அதை விரித்து வைத்தால் போதும். அந்த நாற்பது பக்கக் கொப்பியின் அருமை எனக்கு அந்த வார்ட்டில் இருந்தபோதுதான் விளங்கியது.

ஆகவே வார இறுதிக்கான வேலையை வார நாளில் செய்ய வேண்டியிருக்கிறது. என்எச்எஸ் செயலியைத் திறந்து உங்கள் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். வைத்தியசாலை கொடுக்கும் குளிசையோ ஊசியோ அங்கே இல்லையென்றால், கிளினிக் கடிதத்தின் பிரதியோடு ஜீபி அலுவலகத்துக்குப் போய், "வைத்தியசாலை மட்டும் தரும் மருந்து" என்று பதியச் சொல்லுங்கள்; அப்படிப் பதிய முறை உண்டு. சில நாள் கழித்து மறுபடியும் செயலியில் பாருங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். கடைசிக் கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். குளிசையின் அளவையும் கிழமையில் எந்த நாளில் எடுப்பது என்பதையும் வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் குளிசையே தருவார்கள்; ஊரிலிருந்து வேறு அளவில் கொண்டுவந்திருந்தால் இரண்டையும் கலந்து எண்ணாதீர்கள். கையிருப்பையும் வியாழனுக்குள் பார்த்துவிடுங்கள், ஏனெனில் ஜீபி எழுதும் மருந்து தீர்ந்துபோனால் 111 வழியாக மருந்துக்கடையில் அவசரத்துக்கு வாங்கலாம், வைத்தியசாலை மருந்து அந்தக் கடைகளில் பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது.

சனிக்கிழமை தனியார் நிபுணரைக் காசு கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மூட்டு வீக்கத்தைப் பற்றி ஆறுதலாகப் பேசுவதற்கு அது சரி. காய்ச்சலென்றால் அவர்களும் என்எச்எஸ் அவசரப் பிரிவுக்கே அனுப்புவார்கள், ஏனெனில் தனியார் வைத்தியசாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவசரப் பிரிவே கிடையாது.

111இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளையைப் பேச விடாதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறேன் என்பதை, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அந்தக் கிழமைக்குரிய மெதோட்ரெக்சேற்றை எடுக்கலாமா என்றும் கேளுங்கள். தொற்று இருக்கும்போது பெரும்பாலும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், மூச்சுத்திணறல் போன்ற உயிராபத்து இல்லாத பட்சத்தில், சற்றுத் தொலைவானாலும் உங்கள் கிளினிக் இருக்கும் வைத்தியசாலைக்கே போங்கள், உங்கள் பைல் அங்கேதான் இருக்கிறது. நிபுணர் அன்று வரமாட்டார். கடமையிலிருக்கும் மருத்துவக் குழுவோடு பேசும்படி கேட்கலாம். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப முற்பட்டால், ஏன் பார்க்கவில்லை என்று கேட்டுவிட்டு எழும்புங்கள்.