டயர் கடைக்காரன் முறுக்கிய போல்ட்டை நம்பி ஹைவே ஏறாதீர்கள்

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீடு. குட் ஃப்ரைடே தீமிதிக்கு வருஷா வருஷம் போய்விடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், போவதற்கு முந்தைய நாள் வியாழக்கிழமை, சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கடையில் என் ஃபோக்ஸ்வேகன் போலோ காருக்கு நாலு டயரும் மாற்றினேன். லீவுக்கு முந்தின நாள் என்பதால் கடைக்குள் கால் வைக்க இடமில்லை, நாலு பக்கமும் போல்ட் முறுக்கும் மெஷின் கன் சத்தம், ஒரே பையன் இரண்டு காரை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான், அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை என்3 ஹைவே ஏறி, கீ ரிட்ஜ் ஏற்றம் தாண்டி ஹாமர்ஸ்டேல் நெருங்கும்போது பின்பக்கம் இடது சக்கரத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். முதலில் புது டயர் சத்தம் என்றுதான் நினைத்தேன். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் மெதுவாகிறது, பிரேக் மிதித்தால் வண்டி லேசாக ஆடுகிறது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஐந்து போல்ட்டில் மூன்றை விரலாலேயே திருப்ப முடிந்தது.

அதே கடை, அதே கன். முன்பக்கம் வலது சக்கரத்தில் என்ன நடந்திருந்தது என்பது பிறகு வீட்டில் கழற்றப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நானும் மச்சானும் சேர்ந்து ஸ்பேனரில் ஏறி நின்றும் ஒரு போல்ட் அசையவில்லை. ஒரே வண்டியில் ஒரு சக்கரம் கழன்று விழப் பார்க்கிறது, இன்னொன்று கழற்றவே முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், யாரும் அளந்து முறுக்கவில்லை. அதனால் இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் கடைசி முறுக்கு என் கண் முன்னால் நடக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து நானே போடுவேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கடைக்குப் போகும் முன். மாதக் கடைசி வெள்ளி, சனி, நீண்ட லீவுக்கு முந்தின நாள், இந்த மூன்றையும் தவிருங்கள். சம்பளம் வந்த கையோடு டர்பனில் பாதிப் பேர் டயர் மாற்றத்தான் கிளம்புகிறார்கள். செவ்வாய், புதன் காலை போனால் அதே பையன் அதே வேலையை நிதானமாகச் செய்வான். கிளம்பும் முன் வண்டியின் கையேட்டில் சக்கர போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கு விசையின் அளவு) முறுக்க வேண்டும் என்று பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு 120, டொயோட்டா கொரோலாவுக்கு 103. பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் கொரோலா கணக்கைப் போடாதீர்கள், அதற்கு வேறு. லாக் நட் (சக்கரம் திருடு போகாமல் இருக்கப் போடும் நட்) சாவி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது இல்லாமல் போய் நின்றால், ஏதோ ஒரு சாக்கெட்டை அடித்து ஏற்றிக் கழற்றுவார்கள், அந்த நட் அத்தோடு போச்சு.

கடையில் முதல் வேலை, எழுத்தில் எஸ்டிமேட். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், அதன் 15-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான்: எஸ்டிமேட் கொடுத்து உங்கள் ஒப்புதல் வாங்காமல் செய்த வேலைக்குக் காசு கேட்க முடியாது. டயரும் பேலன்சிங்கும் என்று போனால், பில் போடும்போது வால்வு, நைட்ரஜன், ஷாக் செக் என்று நாலு வரி கூடியிருக்கும். பேலன்சிங் கண்டிப்பாக வேண்டும். அலைன்மென்ட், நம் ஊர்க் குழிகளில் ஓட்டுகிற வண்டிக்கு, புது டயர் போடும்போது செய்துகொள்வது நியாயமான செலவுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நைட்ரஜனுக்கு நான் காசு கொடுப்பதில்லை, நாம் சுவாசிக்கிற காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது.

ஷாக் போய்விட்டது, பிரேக் பேட் போய்விட்டது என்று சொன்னால், சரி, காட்டுங்கள் என்று உள்ளே போய்ப் பாருங்கள். மாற்றச் சொன்னால் பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள், அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கேட்டவுடன் சில இடங்களில் முகம் மாறும். மாறட்டும்.

டயர் வந்ததும் பக்கவாட்டில் தேதியைப் பாருங்கள். டிஓடி (DOT) என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 'புது டயர்' என்று சொல்லி நாலு வருஷம் ஸ்டோரில் கிடந்ததை இறக்குவது நடக்கிற விஷயம்தான். இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் நல்ல ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன் சக்கர டிரைவ் வண்டியாக இருந்தாலும். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

இப்போது முக்கியமான இடம். சக்கரத்தை மாட்டும்போது தூர நின்று போன் பார்க்காதீர்கள். பையனிடம் மரியாதையாக, 'பூத்தி (ஜூலுவில் தம்பி, அண்ணன் என்பது மாதிரி), கன்னில் கடைசி வரை முறுக்காதே, லேசாக ஏற்றிவிட்டு டார்க் ரெஞ்சில் கையால் முடி' என்று சொல்லி, அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுங்கள். டார்க் ரெஞ்ச் என்பது, நாம் வைத்த அளவுக்கு முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர். வேலை முடிந்து இருபது ரேண்ட் கையில் வைத்தால் அடுத்த முறை உங்களை ஞாபகம் வைத்திருப்பான். நான் பார்த்தவரை நிறைய கடைகளில் டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்குகிறது, எடுப்பதுதான் இல்லை. இன்னொரு நாடகமும் உண்டு: கன்னில் முழு மூச்சாக இறுக்கிவிட்டு, அதற்கு மேல் டார்க் ரெஞ்சை வைத்து ஒரு 'டிக்' காட்டுவார்கள். ஏற்கெனவே 200-க்கு முறுக்கிய போல்ட்டில் 120-க்கு வைத்த ரெஞ்ச் உடனே டிக் என்றுதான் சொல்லும். அதில் எதுவும் தெரியாது. போல்ட் கொஞ்சமாவது திரும்பி அப்புறம் டிக் அடித்தால்தான் அது அளவு.

அதிகம் முறுக்கினால் என்ன, பாதுகாப்புதானே என்று மாமா ஒருவர் இன்னும் வாதம் பண்ணுவார். போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங் மாதிரி. முறுக்கும்போது அது மயிரிழை நீள்கிறது, திரும்பிச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் உட்காரும் அச்சுத் தட்டு) சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவது போல்ட்டின் தண்டு இல்லை, இந்த அழுத்தம்தான். அளவுக்கு மேல் இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அந்த போல்ட் பிறகு பழைய நிலைக்கு வராது, மரை கெடும், ஒரு நாள் முறியும். பிரேக் டிஸ்க்கும் கோணலாகப் பிடிபடும், கொஞ்ச நாளில் மலை இறக்கத்தில் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் உதறும். அதற்கும் டிஸ்க் மாற்ற அதே கடைக்குத்தான் போவோம்.

கணக்கை இப்படிப் பாருங்கள். வண்டியோடு வரும் ஸ்பேனர் சுமார் 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் 40 கிலோ எடை தொங்கினால் ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர். 80 கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்றால் 235. குதித்தால் கேட்கவே வேண்டாம். அதனால் வழியில் பஞ்சராகி ரெஞ்ச் இல்லாத நேரத்தில், ஏறி நிற்காமல் கையால் பலமாக இழுத்து முறுக்கிவிட்டு, மெதுவாக வீடு வந்து அளந்து போடுங்கள்.

டார்க் ரெஞ்ச் மிடாஸ் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), 40 முதல் 200 வரை அளக்கும் கிளிக் வகை போதும். கூடவே சரியான சாக்கெட், போலோவுக்கு 17 மில்லிமீட்டர், கொரோலாவுக்கு 21. போல்ட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு நீளமான சாதா ஸ்பேனர். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைத்தால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

வீட்டில் செய்யும் முறை. சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, அப்புறம் ஜாக். சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். கடல் காற்றில் வாழ்கிற நமக்கு அங்கே செம்மண் நிறத்தில் துரு அடையாக இருக்கும், மேக் (அலாய்) சக்கரமாக இருந்தால் அலுமினியத்தின் வெள்ளைப் பொடி. இதைப் பெரும்பாலான கடைகள் தொடுவதே இல்லை, என் வண்டியில் மூன்று போல்ட் தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், நான் அன்று பார்த்தபோது ஹப்பில் நகக்கண் அளவு துருச் செதில் நின்றது. செதிலின் மேல் உட்கார்ந்த சக்கரத்தை எவ்வளவு முறுக்கினாலும், ஓட ஓட அந்தச் செதில் நொறுங்கும், நொறுங்கிய அளவு போல்ட்டின் இழுப்பு போய்விடும். கம்பி பிரஷ்ஷால் இரண்டு முகத்தையும் உலோகம் தெரியத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மரையில் எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள், கையேடு போடச் சொன்னாலொழிய. நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு என்பார்கள், மரையிலும் தலைக்குக் கீழேயும் உராய்விலேயே போகிறது, மீதிதான் போல்ட்டை இழுக்கிறது. எண்ணெய் போட்டால் உராய்வு குறைந்து, அதே 120-க்கு போல்ட் எக்கச்சக்கமாக இழுபடும். மரை அழுக்காக இருந்தால் பிரஷ் போட்டுத் துடைத்து, உலர்வாகவே மாட்டுங்கள்.

போல்ட்டின் உட்காரும் முகத்தையும் பாருங்கள். ஃபோக்ஸ்வேகனின் சொந்தச் சக்கரத்துக்கு உருண்டை முகம், வெளியில் வாங்கும் மேக் பலவற்றுக்குக் கூம்பு முகம், டொயோட்டா மேக் சிலவற்றுக்குத் தட்டை வாஷர். உருண்டையைக் கூம்பில் போட்டால் ஒரு கோடளவு மட்டும்தான் தொடும், இறுகியது மாதிரியே இருக்கும், ஓடியதும் தளரும். மேக் மாற்றியவர்கள் கடையில் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே கை கனத்தால் மரை குறுக்கே ஏறுகிறது, நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள். எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள்: 14 மில்லிமீட்டர் போல்ட், மரை இடைவெளி 1.5 என்றால், ஒன்பது சுற்றாவது ஏற வேண்டும், 12 மில்லிமீட்டருக்கு எட்டு. ஐந்தோடு நின்றால் அந்த போல்ட் அந்தச் சக்கரத்துக்கானது இல்லை. அப்புறம் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்பேனரால் இலேசாக இறுக்குங்கள், வரிசையாக இல்லை, ஐந்து போல்ட் என்றால் கோலத்தில் நட்சத்திரம் இழுப்பது மாதிரி ஒன்று விட்டு ஒன்று. இப்படிச் செய்தால்தான் சக்கரம் நேராக உட்காரும். டயர் தரையைத் தொட்டு உருளாமல் நிற்கும் அளவுக்கு ஜாக்கை இறக்கி, ரெஞ்சை முதலில் பாதி அளவில், போலோவுக்கு 60, ஒரு சுற்று நட்சத்திரம். பிறகு 120-இல் இன்னொரு சுற்று. பிடியின் நடுவில் பிடித்து, நிதானமாக, வெட்டி இழுக்காமல் இழுங்கள். ஒரு டிக் கேட்டால் போதும், இரண்டு மூன்று முறை டிக் டிக் என்று அடித்தால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடும்.

முடித்தபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கரம் ஆறியபின் மறுபடி அதே அளவில் சரிபாருங்கள். பில்லின் அடியில் இது சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும், வாயால் யாரும் சொல்வதில்லை. நான் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து சக்கரம் வரை ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. என்3-இல் பக்கத்தில் போகும் லாரிகளின் சக்கர நட்டில் சின்ன மஞ்சள் அம்புகள் எதிரெதிராக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே தந்திரம்தான்.

ஓடும்போது சத்தம் வந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஹைவே ஓரத்தில் நிற்க நமக்கெல்லாம் பயம்தான், எனக்கும் பயம், ஆனால் சக்கரம் கழன்றால் நிற்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வேகத்தை மெல்லக் குறைத்து, விளக்கு போட்டு, எவ்வளவு இடப்பக்கம் ஒதுங்க முடியுமோ ஒதுங்கி நிறுத்துங்கள். தளர்ந்தபடி ஓடிய சக்கரத்தில் போல்ட் துளைகள் நீள்வட்டமாக அரைபட்டிருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம், போல்ட்டுகளையும் முழு செட்டாக மாற்றுங்கள்.

கடையோடு சண்டை என்று வந்தால் முதலில் போட்டோ, அப்புறம் பேச்சு. போல்ட், துளை, கிலோமீட்டர் மீட்டர், பில், எல்லாம் எடுத்துவிட்டு மேனேஜருக்கு எழுத்தில் அனுப்புங்கள். சட்டத்தின் 57-ஆம் பிரிவு போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத வாரண்டி தருகிறது. பதில் இல்லையென்றால் வாகனத் தொழில் புகார்களை விசாரிக்கும் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மனிடம் புகார் போடலாம், கடைக்கு எழுதிய கடிதம் கையில் இருந்தால்தான் அங்கே பேச்சு நகரும். என் விஷயத்தில் மேனேஜர் ஒரு சக்கரமும் பத்து போல்ட்டும் மாற்றித் தந்தார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. புதுச் சக்கரத்தை மாட்டப் பையன் கன்னைத் தூக்கினான். 'கீழே வை பூத்தி' என்று சொல்லி, டிக்கியிலிருந்து என் ரெஞ்சை எடுத்தேன்.